ராணி கலரில் ஆறு நோட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னை மடக்கிக் கேட்கக் கூடாது. ஆறு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளைச் சோப்புத் தண்ணீரில் போட்டு, அடியில் விறகு தள்ளி, இருபது நிமிடம் வேகவைத்த ஆள் நான்தான். குடித்திருக்கவில்லை, அந்த நாட்களில் அந்தக் கடையே மூடிக் கிடந்தது. நல்ல தெளிவோடு, காலைப் பத்து மணி வெயிலில், முகத்தில் மாஸ்க் கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கிறாரா என்று இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் செய்தேன். யோசிக்காமல் செய்த காரியம் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். அது தவறு. ஒரு நாள் முழுக்க யோசித்துச் செய்தது. அதுதான் இன்னும் கேவலம்.

எனக்குத் தொழில் பட்டு நூலுக்குச் சாயம் போடுவது. ஆரணிப் பட்டு என்றால் நெய்தவரைக் கேட்பார்கள், விற்றவரைக் கேட்பார்கள், உடுத்தியிருப்பவரைக் கட்டாயம் கேட்பார்கள். நடுவில் நூலை வேகவைத்து நிறம் ஏற்றிய ஆளை யாரும் கேட்பதில்லை. நிறம் போனால் மட்டும் என் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

அது முதல் ஊரடங்கு. கடைகள் மதியம் ஒரு மணிவரைதான். ஊரில் எல்லாருக்கும் எல்லார்மேலும் சந்தேகம். ஒருவர் தும்மினால் தெருவே கதவைச் சாத்தியது. எனக்கோ மனிதர்களைவிட நோட்டுகள்மேல்தான் சந்தேகம் அதிகம். மனிதன் எங்கே போனான், யாரோடு பேசினான் என்று விசாரிக்கலாம். நோட்டை என்னவென்று விசாரிப்பது? சேவூரில் ஒருவர் வியர்த்த இடுப்பில் செருகி வைத்திருப்பார். வந்தவாசியிலிருந்து காய்கறி ஏற்றிவந்த டிரைவர் வாயில் கவ்விக்கொண்டு தார்ப்பாயை அவிழ்த்திருப்பார். அத்தனை இடமும் சுற்றிவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் என் சட்டைப் பையில் வந்து படுத்துக்கொள்ளும். நோட்டில் கிருமி நாலு நாள் உயிரோடு இருக்கும் என்று போனில் ஒருவர் செய்தி அனுப்பினார். மறுநாள் இன்னொருவர் ஒன்பது நாள் என்றார். எதற்கு வம்பு என்று நான் இரண்டையும் கூட்டிப் பதின்மூன்று என்று வைத்துக்கொண்டேன்.

போனிலேயே பணம் கொடுத்துவிடலாமே என்பீர்கள். கடைகளில் ஒரு கட்டம் போட்ட படத்தை ஒட்டியிருந்தார்கள்; அதைப் போனால் படம் பிடித்தால் பணம் போய்விடும் என்றார்கள். போய்விடும் என்பதில்தான் எனக்குப் பயமே. போவது கண்ணுக்குத் தெரிய வேண்டாமா?

எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் என்னைவிடச் சந்தேகக்காரர். கடைக்கு முன்னால் கயிறு கட்டி, தரையில் சுண்ணாம்பு வட்டம் போட்டு, நாங்கள் நீட்டும் நோட்டை அடுப்பிடுக்கியால் பிடித்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போடுவார். டப்பாவுக்கு மூடி. மூன்று நாள் அது திறக்கப்படாது. மீதிச் சில்லறை வேறொரு டப்பாவிலிருந்து வரும், அது மூன்று நாள் முன்பு மூடப்பட்டது. எங்கள் தெருவில் ஊரடங்கை ஒழுங்காகக் கடைப்பிடித்தது அந்த நோட்டுகள் மட்டும்தான்.

இந்த நிலைமையில்தான் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். எனக்கு நூல் கொடுத்துச் சாயம் போட்டு வாங்கும் பட்டு வியாபாரி அவர். ஊரடங்குக்கு முன்னால் நான் கடைசியாகப் போட்ட சாயத்துக்குக் கூலி, மூவாயிரம். தறிகள் நின்று, வேலையும் நின்று, வீட்டில் கைக்காசு தீர்ந்திருந்த நேரம். அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் ஆறடி தள்ளி நின்றேன். எல்லாம் முறைப்படி நடந்தது. அவர் நோட்டை எடுத்தார். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினார். வெற்றிலை ஊறிய வாயில் கட்டைவிரலைத் தொட்டார். ஒன்று. மறுபடி தொட்டார். இரண்டு.

ஆறு நோட்டுக்கும் ஆறு முறை.

“ஜாக்கிரதையா இருப்பா, ஊரே பேஜாரா இருக்குது” என்று சொல்லிக்கொண்டே என் கையில் கொடுத்தார்.

வாங்காமல் இருக்க முடியாது. அந்த வாரம் எங்கள் வீட்டில் ஒரே ஓர் அவசரம் இருந்தது: மாமியாரின் சர்க்கரைக்குப் போடும் இன்சுலின். குப்பியில் இன்னும் நாலு வேளைக்குத்தான் மிச்சம். காலையும் ராத்திரியும் ஊசி. ஆக இரண்டு நாள். வழக்கமாகப் பெரியாஸ்பத்திரியில் காசு வாங்காமல் கொடுப்பார்கள். அந்த வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்த பிறகு எனக்கு அந்தத் தெருப்பக்கம் கால் வரவில்லை. “அங்க போய் நின்னு நோயை வாங்கிகினு வர்றதுக்கு, மெடிக்கல்ல காசு குடுத்து மருந்தை வாங்கிகினு வந்துடறேன்” என்று வீட்டில் வீரம் பேசியிருந்தேன்.

என் மாமியார் என்னிடம் நேராகப் பேச மாட்டார். மருமகன் முகத்தைப் பார்த்துப் பேசுவது மரியாதை இல்லை என்பது அவர்கள் வழக்கம். எனக்குச் சொல்ல வேண்டியதை, நான் மூன்றடி தள்ளி நிற்கும்போதே, மகளிடம் சொல்வார். நானும் பதிலை மனைவியைப் பார்த்துச் சொல்வேன். இடைவெளி விட்டு இருங்கள் என்று அரசாங்கம் சொன்னபோது, எங்கள் வீட்டில் அது பதினேழு வருஷமாக நடைமுறையில் இருந்தது.

அன்றைக்கே மருந்து வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் எச்சில் காயாத நோட்டை எப்படிப் பையில் வைப்பது? நோட்டுகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு மொட்டை மாடியில், மேலே ஒரு செங்கல் வைத்து, வெயிலில் கிடத்தினேன். சாயங்காலம் போய்ப் பார்த்தபோது கவருக்குள் வியர்த்திருந்தது. ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். விடிந்தபோது வழி கிடைத்துவிட்டது.

கச்சாப் பட்டு நூலில் பிசின் இருக்கும். சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்தால் பிசின் கழன்று நூல் பளபளவென்று வரும். இதைத்தான் இருபத்தைந்து வருஷமாகச் செய்கிறேன். புழு விட்ட பிசினே போகிறது, முதலாளி விட்ட எச்சில் போகாதா?

பெரிய அண்டாவில் ஆறு நோட்டைப் போட்டால் தேடி எடுக்க முடியாது. அதனால் சாம்பிள் போடும் சின்னக் குண்டானை எடுத்தேன். யாராவது துண்டுத்துணி ஒன்றைக் காட்டி இதே கலர் வேண்டும் என்றால், முதலில் ஒரு கைப்பிடி நூலுக்கு அதில்தான் போட்டுப் பார்ப்போம். கடைசியாக அதில் போட்டது ராணி கலர். கல்யாணத்துக்கு வந்தவர்கள் மணமக்களை விட்டுவிட்டு அந்தப் புடவையையே பார்ப்பார்களே, அந்த அடர்ந்த ரோஸ். குண்டானைக் கழுவி வைத்திருந்தேனா? வைத்திருந்தேன். நான் கழுவிய பாத்திரத்தை என் மனைவி மறுபடி கழுவாமல் அடுப்பில் ஏற்ற மாட்டாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

துணி மாட்டும் கிளிப்பால் ஆறு நோட்டையும் ஒரு குச்சியில் தொங்கவிட்டு, நூலைத் திருப்புவதுபோல் பதமாகத் திருப்பித் திருப்பி விட்டேன். பத்து நிமிடத்தில் தண்ணீர் லேசாக ரோஸ் ஆனது. அப்போதாவது நோட்டை எடுத்திருக்கலாம். நான் எச்சில் கழல்கிறது என்று நினைத்தேன். எந்த மனிதனின் எச்சில் ரோஸாக இருக்கும் என்று கேட்காதீர்கள். முதலாளி நாள் முழுக்க வெற்றிலை போடுகிறவர். எல்லாம் பொருந்தி வந்தது. ‘பார்த்தாயா, எவ்வளவு இருந்திருக்கிறது!’ என்று எனக்கே சொல்லிக்கொண்டு இன்னொரு விறகைத் தள்ளினேன்.

அடுத்து நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, என் வலதுகைதான் பொறுப்பு. குண்டானில் நிறம் தெரிந்தால் கடைசியில் ஒரு மூடி ஆசிட் ஊற்றுவது அதற்குப் பழக்கம். ஊற்றினால்தான் சாயம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கை தானாக நீண்டது, பாட்டிலைத் திறந்தது, அளந்து ஊற்றிக் குச்சியால் கலக்கியது. மூளை அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. வந்து பார்த்தால் தண்ணீர் தெளிந்துகொண்டிருந்தது. தண்ணீர் தெளிந்தால் சாயம் முழுக்க உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். மற்ற நாட்களில் அது எனக்குச் சந்தோஷமான நேரம்.

விஷயம் தெரிந்தவர்கள், பட்டுச் சாயம் காகிதத்தில் ஏறாது என்பார்கள். ஏறியது. சாம்பல் நிற ஐந்நூறு, விளிம்பெல்லாம் அடர்ந்து, நடுவில் திட்டுத்திட்டாக ராணி கலருக்கு வந்திருந்தது. சோப்புப் போட்டேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன், வெந்நீர் ஊற்றினேன். அசையவில்லை. என் சாயம் போகிறது என்று மூன்று கடைக்காரர்கள் நூலைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவர்களைக் கூட்டிவந்து காட்ட வேண்டும் போலிருந்தது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அப்போது இரண்டாயிரம் ரூபாய் நோட்டு புழக்கத்தில் இருந்தது. அதன் நிறம் என்னவென்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

நோட்டுகளை உள்ளே கொடியில் போட்டு மேலே துண்டை மூடினேன். மாமியார் கட்டிலில் இருந்தபடியே மகளைக் கூப்பிட்டார்.

“உன் வூட்டுக்காரர் துண்டுக்கு அடியில இன்னாத்தையோ ஒளிச்சுகினு இருக்காரு, இன்னான்னு கேளு.”

“சாம்பிள் பேப்பர்னு சொல்லு” என்றேன் மனைவியிடம்.

“வேலையே இல்லையாம், சாம்பிள் யாருக்காம்?” என்றார் மாமியார், சுவரைப் பார்த்து.

மெடிக்கலுக்கு நேராகப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. அங்கே கண்ணாடி போட்டவர் உட்கார்ந்திருப்பார், ஒவ்வொன்றையும் உற்றுப் பார்ப்பார். மளிகைக் கடைக்காரர் இடுக்கியால்தானே வாங்குகிறார், தூரத்தில் நிறம் தெரியாது, ஒரு நோட்டை அங்கே மாற்றிவிட்டால் நல்ல நோட்டோடு மருந்துக்குப் போகலாம் என்று திட்டம். பன்னிரண்டரைக்குப் போய் ஒரு கிலோ துவரம்பருப்பு கேட்டு, நோட்டை நாலாக மடித்து நீட்டினேன். இடுக்கி வந்தது. நோட்டு விரிந்தது. அவர் அதை வெயிலுக்கு உயர்த்தினார்.

“இன்னா நைனா இது?”

“நோட்டுணா.”

“அது தெரியுது. எத்தினி ரூபா நோட்டு?”

“ஐந்நூறு. எழுதியிருக்குது பாருங்க.”

“எழுத்து ஐந்நூறுன்னுது, கலரு ரெண்டாயிரம்னுது. அடிச்சவன் பாதியில தூங்கிட்டானா?”

“கள்ள நோட்டு இல்லணா, முதலாளி குடுத்தது.”

“உனுக்கு முதலாளி குடுத்தாரு. அவருக்கு யாரு குடுத்தது?”

பின்னால் நின்ற ஓர் அம்மா, “அதுக்கே கொரோனா வந்துட்டுதா?” என்று கேட்டார். சுண்ணாம்பு வட்டங்களில் நின்றவர்கள் ஆளுக்கொரு வட்டம் பின்னால் போனார்கள். இடுக்கி நோட்டை என் பக்கம் திருப்பி நீட்டியது. பருப்பு உள்ளே போனது.

மறுநாள் காலை மாமியாருக்குக் கடைசி ஊசி. மனைவி காலிக் குப்பியைக் கொண்டுவந்து என் எதிரில் வைத்தாள்.

“நேத்தே வாங்கியாறேன்னு போனீங்க. காசு எங்க?”

குடித்துவிட்டேன் என்று நினைத்திருப்பாளோ என்று எனக்குச் சந்தேகம். கடை மூடியிருக்கிறது என்பது அவளுக்கும் தெரியும். எங்காவது தெரியாமல் விற்கிறார்களா என்பது எனக்குத் தெரியும் என்றும் அவளுக்குத் தெரியும். வேறு வழியில்லாமல் துண்டை எடுத்தேன். அவள் ஒரு நோட்டைத் தொட்டு, திருப்பிப் பார்த்து, ஈர விரலால் தேய்த்து, விரலைப் பார்த்தாள்.

“ராணி கலரா?”

“ஆமா.”

“நல்லாத்தான் புடிச்சிருக்குது” என்றாள். பதினேழு வருஷத்தில் என் தொழிலை அவள் பாராட்டியது அந்த ஒரு முறைதான்.

மாமியார் மகளிடம் சொன்னார்: “எனுக்கு எதுனா ஆச்சுன்னா வெள்ளைத்துணி போதும்னு சொல்லிடு. அவரு கைல குடுத்துடாத.”

சிரித்துவிட்டுத்தான் சொன்னார். ஆனால் சொல்லி முடித்ததும் அவர் கண் என் எதிரில் இருந்த காலிக் குப்பிக்குப் போனது. ராத்திரி ஊசி இல்லையென்றால் விடிவதற்குள் சர்க்கரை எங்கே போய் நிற்கும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். ஒருமுறை அப்படித்தான் மயங்கி விழுந்து, வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இப்போது ஓட வண்டியும் இல்லை.

வங்கிக்குப் போனேன். அந்தத் தெருவில் யாருக்கோ நோய் வந்து, முனையில் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். முதலாளியிடம் போய் மாற்றிக்கொள்ளலாம்தான். என்னவென்று சொல்வது? உங்கள் எச்சிலைப் போக்க வேகவைத்தேன் என்றா? நோட்டுக்கே இந்தக் கதி செய்தவனிடம் நாளைக்கு யார் பட்டு நூல் கொடுப்பார்கள்? மணி பன்னிரண்டு இருபது. மெடிக்கலுக்கு ஓடினேன்.

எனக்கு முன்னால் நாலு பேர். என் முறை வந்தபோது ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. காலிக் குப்பியைக் காட்டி இரண்டு கேட்டேன். கடைக்காரர் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். நான் நோட்டை நீட்டினேன். நீண்ட அவர் கை, பாதியில் நின்று, மேசைக்கு அடியில் போய்விட்டது.

“யாரு உன்னை அனுப்புனது?”

“மாமியார்ணா.”

“கேலி பண்ணாத. எந்த ஆபீஸு?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் என் தோளுக்கு மேலே தெருவைப் பார்த்தார். ஜீப் தேடுகிறார். பிறகு, முன்னால் அடுக்கியிருந்த மாஸ்க் டப்பாக்களை ஒவ்வொன்றாகக் காலால் உள்ளே தள்ளினார். முந்தின வாரம் ஒரு மாஸ்க்குக்கு அவர் என்னிடம் என்ன கொள்ளை விலை வாங்கினார் என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கு என்மேல் சந்தேகம். எனக்கு அவர்மேல் சந்தேகம். நடுவில் இரண்டு குப்பி இன்சுலின்.

“லஞ்சம் வாங்குறவனைப் புடிக்கிற மாதிரி பவுடர் தடவுன நோட்டைக் கையில குடுப்பீங்க. அப்புறம் தண்ணியில கைய வுடுன்னுவீங்க. ரோஸ் ஆவும். போட்டோ எடுப்பீங்க. நான் டிவி பாக்காதவனா?”

“அண்ணா, லுங்கி கட்டிகினு அதிகாரிங்க வருவாங்களா?”

“அப்படித்தான் வருவாங்க.”

“சத்தியமா சொல்றேன், பவுடர் இல்லணா.”

“அப்ப கைய நீட்டு.”

நீட்டினேன். சானிடைசரைப் பிதுக்கிப் பிதுக்கி இரண்டு கையிலும் ஊற்றினார். “தேய்” என்றார். தேய்த்தேன். பஞ்சால் துடைத்துப் பார்த்தார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. பிறகுதான் அவர் கண் என் நகங்களுக்குப் போனது. எங்கள் தொழிலில் நகம் தன் சொந்த நிறத்தில் இருக்காது. அன்றைக்கு என் கட்டைவிரல் நகம் ராணி கலர், சுண்டுவிரல் கிளிப்பச்சை, மற்றவை அந்த வருஷ முகூர்த்தங்களின் மிச்சம். நோட்டை என் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே நிறம்.

“சாயக்காரனா நீ?”

“ஆமாணா.”

“இது இன்னா பண்ண?”

அதை மட்டும் சொல்லக் கூடாது என்று வந்திருந்தேன். பின்னால் வரிசை. மணி ஒன்றுக்கு ஐந்து நிமிடம். குப்பிகள் அவர் கைக்குப் பக்கத்தில். சொன்னேன். வெற்றிலை, கட்டைவிரல், ஆறு முறை, மொட்டை மாடி, சோப்பு, சோடா, விறகு, ஆசிட். பெயரைச் சொல்லவில்லை. ஆனாலும் வெற்றிலை என்றதுமே வரிசையில் இரண்டு பேர் முதலாளியின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார். மாஸ்க் போட்டிருப்பதை மறந்து மாஸ்க்குக்கு மேலேயே பொத்தினார்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. நோட்டை வெளிச்சத்தில் பிடித்தார், சாய்த்தார், உள்ளே ஓடும் வெள்ளி இழையை நகத்தால் தடவினார், உதறிச் சத்தம் கேட்டார். மூக்குக்குக் கொண்டுபோனார், பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

“நோட்டு நல்ல நோட்டுதான்” என்றார். “ஆளுதான்…” என்று ஆரம்பித்து அங்கேயே விட்டுவிட்டார்.

இரண்டு குப்பியையும் ஐஸ் பையோடு சுற்றி என் பக்கம் தள்ளினார். என் நோட்டை ஒரு காலி மாத்திரை டப்பாவில் தனியாகப் போட்டு மூடினார். “ஜல்தி கெளம்பு, கடை சாத்தணும்” என்றார். ஐஸ் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தேன். அந்தக் குளிர்ச்சியில் இரண்டு நாள் வியர்வை அடங்கியது. மாமியார் ராத்திரி ஊசி போட்டுக்கொண்டு, மறுநாள் காலையில் மகளிடம் என்னைப் பற்றி ஏதாவது சொல்வார். அது போதும் எனக்கு. மற்ற ஐந்து நோட்டும் பிறகு தகரத்தை எடுத்ததும் வங்கியில் மாறின. அது வேறு அவமானம்.

“மீதியை வாங்கிகினு போ” என்றார்.

கல்லாவைத் திறந்து இருபதும் பத்துமாக ஒரு கத்தை எடுத்தார். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினார். கட்டைவிரலை நாக்கில் தொட்டார். ஒன்று. மறுபடி தொட்டார். இரண்டு.

எனக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது. “அண்ணா, கொஞ்சம் தண்ணி தொட்டு எண்ணக் கூடாதா?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் எண்ணிக்கையை நிறுத்தவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

“போய் வேகவெச்சுக்கோ.”